அட்டிக்கைக் குளிரவைக்கும் வீடுகள்: டக்ட் கசிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் புறநகரில் நாங்கள் வீடு வாங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஜூன் பிறந்தால் போதும், எந்த நண்பர் வீட்டு விருந்துக்குப் போனாலும் மாம்பழத்துக்கு அடுத்த பேச்சு மின்கட்டணம்தான். "மாடியறை குளிரவே மாட்டேன் என்கிறது, பெரிய ஏசியாகப் போட்டுவிடலாமா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பத்தில் ஏழு பேருக்கு என் பதில் ஒன்றுதான்: இயந்திரத்தை விடுங்கள், முதலில் டக்ட்டைப் பாருங்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன் அல்ல. என் வீட்டு அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், மூன்று குளிர்காலம் தவழ்ந்து, முழங்கால் தேய்ந்து கற்றுக்கொண்டவன். அங்கே இங்கே சொன்ன பதில்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

டக்ட் என்றால் என்ன? ஊரில் எங்கள் வீட்டு ஏசிக்கு அப்படி எதுவும் இல்லையே?

இல்லைதான். சென்னையிலோ மதுரையிலோ சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி, அந்த அறையின் காற்றை இழுத்துக் குளிரவைத்து அதே அறையில் விட்டுவிடுகிறது. காற்று எங்கும் பயணம் போவதில்லை.

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் முழு வீட்டுக்கும் ஒன்றோ இரண்டோ இயந்திரங்கள்தான். அங்கிருந்து குழாய்கள் ஒவ்வோர் அறைக்கும் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகின்றன. இவை சப்ளை டக்ட். அறைகளில் இருந்த காற்றை இயந்திரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது ரிட்டர்ன் டக்ட். குளிர்காலத்தில் இதே குழாய்களில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் வெப்பக் காற்று ஓடுகிறது. இயந்திரத்தை ஒட்டி, குழாய்கள் பிரியும் இடத்தில் இருக்கும் பெரிய பெட்டிக்குப் பிளீனம் என்று பெயர். குழாய் முடிந்து கூரையிலோ தரையிலோ அறைக்குள் திறக்கும் இடத்தில் இருக்கும் தகரப் பெட்டி பூட்.

டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா வீடுகளில் இந்தக் குழாய்கள் பெரும்பாலும் அட்டிக்கில், அதாவது கூரை ஓட்டுக்குக் கீழே, அறையின் உட்கூரைக்கு மேலே கிடக்கின்றன. நியூ ஜெர்சி, இலினாய் பக்கம் அடித்தளத்தில். ஜார்ஜியா, கரோலினா பக்கம் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய தாழ்வான இடத்தில். இந்தக் கேள்வி பதில் முழுக்க உங்கள் குழாய் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தே பொருள்படும். அதை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காற்றுதான் ஒழுகிவிடப் போகிறது?

சாதாரண வீட்டில் டக்ட்டுக்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஓட்டை, இடைவெளி, சரியாகச் சேராத இணைப்பு ஆகியவற்றின் வழியே வீணாகிறது என்கிறது அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம். முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. என் அட்டிக்கைப் பார்த்த பிறகு நம்பினேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 டன் ஏசி என்றால் மணிக்கு 36,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். (ஒரு டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல, ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம். ஐஸ் வியாபாரக் காலத்துக் கணக்கு இன்னும் நம்மை விடவில்லை.) அதில் கால் பங்கு அட்டிக்கில் ஒழுகினால் 9,000 பி.டி.யு. போயிற்று. 3 டன்னுக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டே கால் டன்னில் குடித்தனம் நடத்துகிறீர்கள்.

ரிட்டர்ன் பக்கம் ஓட்டையானால் இன்னும் மோசம். 3 டன் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 1,200 கன அடி காற்றை இழுக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கொதிக்கும் அட்டிக்கிலிருந்து வருகிறது என்று வையுங்கள். டெக்சாஸ் ஆகஸ்டில் 130 டிகிரி ஒன்றும் அதிசயமல்ல. அந்தப் பத்தில் ஒரு பங்கைக் குளிரவைக்க மட்டுமே அரை டன்னுக்கு மேல் செலவாகும். அதில் கலந்துவரும் ஈரப்பதத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒழுகினாலும் அது என் வீட்டுக்குள்ளேதானே ஒழுகுகிறது?

குழாய் முழுவதும் குளிரூட்டப்பட்ட அடித்தளத்திலோ, இரண்டு மாடிகளுக்கு நடுவிலோ ஓடினால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. காற்று வேண்டாத இடத்துக்குப் போகிறதே தவிர வீட்டை விட்டுப் போய்விடவில்லை. மின்கட்டணத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள்.

அட்டிக்கில் ஓடினால் கதை வேறு. அட்டிக் வீட்டுக்குள் சேர்த்தியே இல்லை. கூரை ஓரங்களிலும் உச்சியிலும் காற்றோட்டத் துளை வைத்துக் கட்டிய இடம் அது. அங்கே ஒழுகியது தெருவில் ஒழுகிய மாதிரிதான். இன்னொன்றும் நடக்கிறது. நிமிடத்துக்கு 200 கன அடி காற்று வெளியே போனால், அதற்கு ஈடாக வெளிக்காற்று வீட்டுக்குள் வந்தே தீரும். கதவு இடுக்கு, மின்விளக்குத் துளை, கராஜ் கதவின் கீழ்ச்சந்து என்று எங்கிருந்தாவது வரும். ஹூஸ்டன்போன்ற ஊரில் அப்படி வரும் காற்று ஈரத் துணியைப் போல் இருக்கும். "ஏசி ஓடுகிறது, ஆனாலும் வீடு பிசுபிசுக்கிறது" என்று சொல்பவர்கள் இதைச் சந்தேகிக்கலாம்.

என் வீட்டில் கசிவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இயந்திரத்துக்கு மிகத் தொலைவில் உள்ள அறை மட்டும் குளிராது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மேட்டூரில் மட்டும் பார்த்துப் பயனில்லை, வழியில் எங்கே கரை உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தூசி துடைத்த மறுநாளே மேசையில் மீண்டும் தூசி படிவது, ஏசி ஓடும்போது மட்டும் அட்டிக் வாடையோ கராஜ் வாடையோ வருவது, காற்று அறைக்குள் வரும் வென்ட்டைச் சுற்றி உட்கூரையில் நீர்க்கறை தோன்றுவது ஆகியவையும் அறிகுறிகள். அந்த நீர்க்கறை கூரை ஒழுகலாக இருக்க வேண்டியதில்லை. பூட் பெட்டிக்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையில் சந்து இருந்தால், குளிர்ந்த தகரத்தின்மேல் அட்டிக்கின் ஈரக்காற்று பட்டு வேர்க்கும். ஐஸ் காபி டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல.

அட்டிக்கில் ஏறினால் இன்னொரு தடயம் கிடைக்கும். குழாயைச் சுற்றியுள்ள கண்ணாடியிழை இன்சுலேஷன் (வெப்பத் தடுப்புப் போர்வை) சில இடங்களில் கறுத்திருக்கும். பலர் அதைப் பூஞ்சை என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது தூசிதான். காற்று அந்த இடத்தில் கசிந்து, இழை வடிகட்டியாக வேலை செய்து, அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கே கறுப்போ அங்கே ஓட்டை.

ஓர் எச்சரிக்கை: அறைக்குள் வென்ட்டின் ஓரம் கரிப்படிவம் இருந்தால் உடனே டக்ட்டைக் குற்றம் சாட்டாதீர்கள். நம் வீடுகளில் தினமும் ஊதுவத்தி, சூடம், வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி. அந்தப் புகைக்கரியும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஊதுவத்தி வைத்தே சோதிக்கலாம் என்கிறார்களே?

சோதிக்கலாம். பூஜையறையிலிருந்து ஒன்றை எடுத்து வாருங்கள், நல்ல புகை வரும் ரகமாக. ஏசியின் காற்றாடியை மட்டும் ஓடவிட்டு, இயந்திரத்தின் அருகே பெட்டிகள் சேரும் ஓரங்களில் மெதுவாகக் கொண்டுபோங்கள். சப்ளை பக்கம் ஓட்டையிருந்தால் புகை விலகி ஓடும். ரிட்டர்ன் பக்கம் ஓட்டையிருந்தால் நூல் பிடித்த மாதிரி நேராக உள்ளே போய் மறையும். அதைக் கண்ணால் பார்த்த கணத்தில் யாரும் உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்காது.

அட்டிக்கில் கவனம். பரப்பியிருக்கும் இன்சுலேஷனில் சில வகைகள் காகிதத்தால் ஆனவை. எரிவாயுக் குழாயும் பக்கத்தில் இருக்கும். நெருப்போடு மேலே போக வேண்டாம். அங்கே ஈரமான புறங்கையே போதும், சிறு கசிவும் சில்லென்று தெரியும்.

இதை அளக்க முறையான வழி உண்டா?

உண்டு. எல்லா வென்ட்டுகளையும் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடிவிட்டு, ரிட்டர்ன் வாயில் ஓர் அளவைக் காற்றாடியைப் பொருத்தி, குழாய்களுக்குள் 25 பாஸ்கல் அழுத்தம் வரும்வரை காற்றைத் தள்ளுவார்கள். அந்த அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்க நிமிடத்துக்கு எத்தனை கன அடி தேவைப்படுகிறதோ அதுதான் உங்கள் கசிவு. வீட்டின் வாசலில் இன்னொரு பெரிய காற்றாடி வைத்து வீட்டுக்குள்ளும் அதே அழுத்தத்தைக் கொண்டுவந்தால், வீட்டுக்கு வெளியே போகும் கசிவை மட்டும் தனியே பிரித்துவிடலாம். மின்கட்டணம் குறைய வேண்டும் என்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

ஒப்பிட ஓர் அளவு: 2012 முதல் வந்த எரிசக்திக் கட்டட விதிமாதிரியில், புது வீட்டில் மொத்தக் கசிவு 100 சதுர அடி தரைப்பரப்புக்கு நிமிடத்துக்கு 4 கன அடியைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. 2,500 சதுர அடி வீடானால் 100 கன அடி. பழைய வீடுகளில் இதைப்போலப் பல மடங்கு வருவது சாதாரணம்.

காற்றின் தரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு முக்கியமானது இதுதான். பணம் இரண்டு பக்க ஓட்டையிலும் போகிறது. உடம்புக்குக் கேடு ரிட்டர்ன் ஓட்டையில் வருகிறது.

ரிட்டர்ன் என்பது உறிஞ்சும் குழாய். அதில் ஓட்டை இருந்தால் சுற்றுப்புறத்தில் என்ன இருக்கிறதோ அதை உறிஞ்சும். அட்டிக்கில் என்றால் கண்ணாடியிழைத் துகள், எலிப் புழுக்கை கலந்த தூசி, கோடைப் புழுக்கம். வீட்டுக்கு அடியில் என்றால் மண்வாடை, ஈரம், பூஞ்சை வித்து. நிலத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு எழும் பகுதியென்றால் அதுவும் சேர்ந்து வரலாம். (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரியைத் தொட்டால் ரேடானைக் குறைக்கும் ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அடித்தளம் உள்ள வீட்டில் இருப்பவர்கள் தனியே சோதித்துக்கொள்ளுங்கள்.) இயந்திரம் கராஜில் நின்றால் காரின் புகை, பெட்ரோல் ஆவி, பெயின்ட் டப்பா வாடை எல்லாம் படுக்கையறைக்குப் போகும். இவை ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் நுழைந்தால், எவ்வளவு விலை கொடுத்த ஃபில்டரும் வேடிக்கைதான் பார்க்கும்.

என் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். இயந்திரம் ஓர் அலமாரிக்குள், மரமேடைமேல் நிற்கிறது. மேடைக்கு அடியில் உள்ள வெற்றிடம்தான் ரிட்டர்ன். கிரில்லைக் கழற்றி, ஃபில்டரை எடுத்துவிட்டு, தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். தகரமும் இல்லை, குழாயும் இல்லை. பச்சை மரச்சட்டங்கள், ஒரு மூலையில் கட்டியவர்கள் விட்டுப்போன சோடா டப்பா. இடப்பக்கச் சுவரின் உட்புறம் மூடப்படவே இல்லை. டார்ச்சை அணைத்து அண்ணாந்து பார்த்தால், சுவரின் நடுக்கூட்டின் வழியாக உச்சியில் மெல்லிய பகல் வெளிச்சம். அட்டிக்கின் வெளிச்சம். வீடு வாங்கிய நாளிலிருந்து நாங்கள் மூச்சுவிட்டது அதன் வழியாக வந்த காற்றை. கட்டியவரோ, வாங்குவதற்கு முன் பரிசோதித்தவரோ இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை ஜிப்சம் பலகை வெட்டி அடைத்து, மூலை முடுக்கெல்லாம் மாஸ்டிக் என்ற அடைப்புப் பூச்சைப் பூச ஒரு சனிக்கிழமை ஆனது.

ஆஸ்துமாவுக்கு இது மருந்து என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவர் சொல்வதை அப்படியே தொடருங்கள். தூசி வரும் ஒரு வழியை அடைக்கிறோம், அவ்வளவே.

கார்பன் மோனாக்சைடு ஆபத்து உண்டா?

உண்டு. எரிவாயு வாட்டர் ஹீட்டரில் பழைய வகை, புகையைத் தானாக மேலே எழவிட்டு வெளியேற்றுவது. அதே அறையில் ரிட்டர்ன் ஓட்டை இருந்தால் அது அந்தப் புகையைக் கீழே இழுத்து வீடு முழுக்கப் பரப்பிவிடலாம். சமையலறையில் பலமான புகைபோக்கியும் சேர்ந்து ஓடினால் இழுப்பு இன்னும் கூடும். இந்த வகை ஹீட்டரோ ஃபர்னஸோ இருக்கும் வீட்டில், டக்ட் வேலை முடிந்த பிறகு புகை சரியாக மேலே போகிறதா என்று தொழில்முறை ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளின் அருகில் கட்டாயம் இருக்கட்டும். கசிவை அடைத்தாலும் அடைக்காவிட்டாலும்.

டக்ட் டேப் வாங்கி ஒட்டிவிட்டால் ஆயிற்றே?

பெயரைப் பார்த்து ஏமாறாதவர் யார்! சாம்பல் நிறத் துணி டேப் எதற்கு வேண்டுமானாலும் உதவும், டக்ட்டைத் தவிர. 1943-இல் இலினாயில் போர்த் தளவாட ஆலையில் வேலை செய்த வெஸ்டா ஸ்டௌட் என்ற தாய், தோட்டாப் பெட்டிகளை ஈரம் புகாதபடி மூடத் துணி டேப் வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அவருடைய பிள்ளைகள் கடற்படையில் இருந்தார்கள். அந்த யோசனை ஏற்கப்பட்டது. போர் முடிந்து வீடுகள் மளமளவென்று எழுந்தபோது அது டக்ட் வேலைக்கு வந்தது. தகரத்துக்குப் பொருத்தமாக நிறமும் வெள்ளியானது.

1998-இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் இருவரும் பலவகைப் பூச்சுகளையும் டேப்புகளையும் டக்ட் இணைப்புகளில் ஒட்டி, வெப்பத்தையும் குளிரையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். துணி டக்ட் டேப்தான் தோற்றது. காரணம் எளிது. ரப்பர் பசை சூட்டில் காய்ந்து சுருங்குகிறது. டேப் உரிந்து வாழைமட்டை போலத் தொங்குகிறது. என் அட்டிக்கில் அப்படித் தொங்கியவற்றை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

அப்படியானால் எதைக் கொண்டு அடைப்பது?

மாஸ்டிக். தண்ணீரில் கரையும், சாம்பல் நிறக் குழைவு. வடைக்கு ஆட்டிய உளுந்து மாவுப் பதத்தில், வாளியில் வரும். வீட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். டப்பாவில் யு.எல். 181 என்ற, டக்ட் பொருள்களுக்கான தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இணைப்பைச் சுற்றியுள்ள தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். தூசிமேல் பூசினால் தூசிதான் ஒட்டும், தகரம் ஒட்டாது. மலிவான இரண்டங்குலத் தூரிகையால் அப்புங்கள். கையுறை போட்டுக்கொண்டு விரலால் தடவுவது எனக்கு இன்னும் வசதி. பூச்சு ஐந்து சென்ட் நாணயத்தின் கனம் இருக்க வேண்டும். பெயின்ட் அடிப்பது போல மெல்லிசாக இழுத்தால் காய்ந்ததும் கீறல் விடும். அடியில் தகரம் தெரிந்தால் போதவில்லை என்று பொருள். கால் அங்குலத்துக்கு மேல் அகலமான சந்தானால் முதலில் கண்ணாடியிழை வலை நாடாவை ஒட்டி, அதன்மேல் பூச வேண்டும். காய ஒரு நாள் விடுங்கள்.

டேப்பே வேண்டும் என்றால் அலுமினிய ஃபாயில் டேப், அதிலும் யு.எல். 181 முத்திரை உள்ளது. கழற்ற வேண்டிய இடங்களுக்கு, உதாரணமாக இயந்திரத்தின் சேவைக் கதவு ஓரத்துக்கு, இதுதான் சரி. அங்கே மாஸ்டிக் பூசிவிட்டால் அடுத்த முறை பழுதுபார்க்க வருபவர் உங்களை வாழ்த்தமாட்டார்.

எங்கிருந்து தொடங்குவது?

இயந்திரத்திலிருந்து. அங்கேதான் அழுத்தம் அதிகம். ஒரே அளவு ஓட்டை அங்கே இருந்தால் நிறையக் காற்று போகும், குழாயின் கடைசியில் இருந்தால் குறைவாகப் போகும். ரிட்டர்ன் பெட்டி, பிளீனம், பிளீனத்திலிருந்து குழாய் கிளம்பும் கழுத்துகள், இந்த வரிசையில் போங்கள். நேரமில்லாதவர்கள் இவற்றோடு நிறுத்திக்கொண்டாலும் பாதிக்கிணறு தாண்டியதாகாது, முக்கால்வாசி வேலை முடிந்ததாகும்.

பூட் பெட்டிகளை அட்டிக்கில் ஏறாமல் அறைக்குள்ளிருந்தே முடித்துவிடலாம். வென்ட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் தகரத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து தெரியும். மாஸ்டிக்கோ, கால்க் என்ற சந்தடைக்கும் பசையோ வைத்து அடைத்து, வென்ட்டை மாட்டிவிடுங்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம். குழந்தைகளும் உதவலாம், ஏணிமேல் நீங்கள் ஏறுங்கள்.

எங்கள் வீட்டில் தகரம் இல்லை, வெள்ளி நிறத்தில் மெத்தென்ற குழாய்கள்தான்.

அது ஃப்ளெக்ஸ் டக்ட். உள்ளே கம்பிச்சுருள் வைத்த பிளாஸ்டிக் உறை, நடுவில் இன்சுலேஷன், வெளியே பளபளக்கும் சட்டை. அடைக்க வேண்டியது உள் உறையை. பலர் வெளிச்சட்டையின்மேல் டேப் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். வேட்டி கிழிந்ததற்குத் துண்டைத் தைத்த கதை. சட்டையையும் இன்சுலேஷனையும் பின்னுக்குத் தள்ளி, உள் உறையைத் தகரக் கழுத்தின்மேல் நன்றாக ஏற்றி, மாஸ்டிக் பூசி, நைலான் பட்டையால் இறுக்க வேண்டும். பிறகு இன்சுலேஷனை இழுத்து மூடி, வெளிச்சட்டைக்கு இன்னொரு பட்டை.

அட்டிக்கில் இருக்கும்போதே குழாய் தொய்ந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 4 அடிக்கு ஒரு தாங்கி, அதுவும் ஒன்றரை அங்குல அகலப் பட்டையாக இருந்தால் நல்லது. மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் குழாய் நெரிபட்டுவிடும். காற்று வராத அறைக்கு ஓட்டையைத் தேடி அலைந்துவிட்டு, கடைசியில் யாரோ தீபாவளிச் சாமான் பெட்டியைக் குழாய்மேல் வைத்திருந்ததைக் கண்டுபிடித்த வீடு ஒன்று உண்டு. எந்த வீடு என்று சொல்லமாட்டேன், பெட்டி என்னுடையது.

உள்ளிருந்தே பூச்சைத் தூவி அடைக்கும் முறை நம்பகமானதா?

ஏரோசீல் என்ற பெயரில் வருவதைக் கேட்கிறீர்கள். அதுவும் 1990-களில் அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மார்க் மொடேரா குழுவினர் உருவாக்கியதுதான். வென்ட்டுகளை மூடிவிட்டு, பிசின் துகள்களைக் காற்றோடு குழாய்க்குள் செலுத்துகிறார்கள். காற்று ஓட்டை வழியே வெளியேற முயலும்போது துகள்கள் அதன் விளிம்பில் ஒட்டி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடுகின்றன. கசிவு எண் குறைவதைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முன், பின் அளவுகளை அச்சிட்டும் தருவார்கள்.

முக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான ஓட்டைகள் வரைதான் இது கைகொடுக்கும். கழன்று விழுந்த குழாயை எந்தப் பிசினும் தூக்கி மாட்டாது. அதைக் கையால் சரிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். சுவருக்குள்ளும் மாடிகளுக்கு நடுவிலும் ஓடும், கை எட்டாத குழாய்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எல்லாக் குழாயும் அட்டிக்கில் கண்முன்னே கிடக்கும் வீட்டுக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

டக்ட்டைச் சுத்தம் செய்தால் தூசி போகுமாமே? சலுகை விலைத் துண்டுச்சீட்டு வந்திருக்கிறது.

குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது?

கொஞ்சம் நியாயமாகச் சொல்வதானால், பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தாலோ, எலி, பூச்சி குடியேறியிருந்தாலோ, வென்ட் வழியே தூசி கொட்டும் அளவுக்கு அடைந்திருந்தாலோ சுத்தம் செய்யலாம். மற்றபடி டக்ட் சுத்தம் செய்வது உடல்நலக் கோளாறுகளைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்டதில்லை என்றே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஓட்டையை அடைக்காமல் சுத்தம் மட்டும் செய்தால், அட்டிக் தூசி மறுநாளே புதுக்குடித்தனம் வந்துவிடும்.

ஃபில்டரை மாற்றினால் போதாதா?

மெர்வ் என்பது ஃபில்டர் துகளைப் பிடிக்கும் திறனின் அளவு. மெர்வ் 13 ஃபில்டர் நுண்துகளை நன்றாகவே பிடிக்கும். ஆனால் எல்லா இயந்திரமும் அந்தத் தடையைத் தாங்குவதில்லை. ஓர் அங்குலக் கனத்தில் மெர்வ் 13 மாட்டிக் காற்றோட்டம் குறைந்து, ஏசியின் குளிரூட்டும் சுருளில் பனி உறைந்த வீடுகள் உண்டு. ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் இடையே சந்து இருந்தால் காற்று அந்தச் சந்தின் வழியாகவே போகும். முதலில் அந்தச் சந்தை நுரைப்பட்டையால் அடைத்துவிட்டு, பிறகு ரகத்தைப் பற்றி யோசியுங்கள்.

ஆளில்லாத அறையின் வென்ட்டை மூடிவைத்தால் மிச்சமாகுமா?

ஆகாது. மூடிய காற்று எங்கே போகும்? குழாயில் அழுத்தம் ஏறும், இருக்கிற ஓட்டைகளில் இன்னும் வேகமாக ஒழுகும்.

இதற்கு உறவான இன்னொன்று: வீட்டின் நடுவில் ஒரே ஒரு ரிட்டர்ன் இருந்து, படுக்கையறைக் கதவைச் சாத்தினால், உள்ளே போன காற்று திரும்ப வழியில்லாமல் நிற்கும். அறை ஊதிய பலூன் மாதிரி. கூடம் உறிஞ்சிய சோடாப் புட்டி மாதிரி. கதவின் கீழ் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள், அல்லது கதவுக்கு மேலே ஒரு கிரில் வைக்கச் சொல்லுங்கள்.

குழாய்மேல் இன்சுலேஷன் சுற்றினால் கசிவும் நிற்குமா?

நிற்காது. கம்பளி போர்த்தினால் மூக்கொழுகல் நிற்குமா? முதலில் அடைப்பு, பிறகு போர்வை. அட்டிக் குழாய்களுக்கு ஆர்-8 அளவு (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) நல்லது.

பழைய வீடு. குழாய்களில் வெள்ளையாக ஏதோ காகிதம் போல ஒட்டியிருக்கிறது.

தொடாதீர்கள். 1970-கள் வரை கட்டிய வீடுகளில் டக்ட் இணைப்பில் ஆஸ்பெஸ்டாஸ் நாடா சாதாரணம். கிழிக்காமல், தேய்க்காமல் அப்படியே விட்டுவிட்டு, சோதனைக்கு உரிமம் பெற்றவரை அழையுங்கள்.

ஆள் வைத்துச் செய்தால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

வேலைக்கு முன் ஒரு கசிவு எண், வேலைக்குப் பின் ஒரு கசிவு எண். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அளக்கும் கருவி தங்களிடம் இல்லை என்பவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். முதல் ஆண்டு எனக்கு அந்த அறிவு இல்லை. ஒரு நிறுவனத்தார் வந்து இரண்டு மணி நேரம் மேலே உருட்டிவிட்டு, "எல்லாம் சீல் செய்தாயிற்று" என்று பணம் வாங்கிப் போனார்கள். குளிர்காலத்தில் நான் ஏறிப் பார்த்தபோது இருந்தது புத்தம்புதுத் துணி டேப்.

உங்கள் மின்வாரிய நிறுவனத்திடம் தள்ளுபடி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பல ஊர்களில் வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். வீட்டு எரிசக்தி மேம்பாட்டுக்கான கூட்டாட்சி வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதைக் காட்டி யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

அடைத்த பிறகும் பெரிய ஏசி வேண்டுமா?

பெரும்பாலும் சிறியதே போதும். பெரிய இயந்திரம் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இருக்காது. புதிது வாங்குவதாக இருந்தாலும் கசிவை அடைத்துவிட்டு, அதன்பிறகு வெப்பச் சுமையைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

நானே அட்டிக்கில் ஏறலாமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறுங்கள். கோடையானால் விடியற்காலை ஆறு மணிக்கு ஏறி எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். முகக்கவசம், முழுக்கைச் சட்டை, நெற்றி விளக்கு. கீழே ஒருவர் காதுகேட்கும் தொலைவில் இருக்கட்டும். மரச்சட்டத்தின்மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் தெரிவது தரை அல்ல, கீழ் அறையின் ஜிப்சம் கூரை. எங்கள் விருந்தினர் அறையின் கூரையில் சாப்பாட்டுத்தட்டு அளவில் நிறம் சேராத ஓர் ஒட்டு இருக்கிறது. மாமியார் வரும்போதெல்லாம் அது என்ன என்று கேட்கிறார்.